விட்டுப்போன ஒரு தடவை

திருநெல்வேலிப் பக்கம் கல்லிடைக்குறிச்சி, வீரவநல்லூர், சேரன்மகாதேவி, முக்கூடல் என்று இரண்டு வருடம் நான் தூக்கிக்கொண்டு அலைந்தது பிரஷர் பார்க்கும் கருவியையும் ஐந்து லிட்டர் பிளாஸ்டிக் கேன்களையும்தான். உப்பு, ரத்த அழுத்தம், சிறுநீரகம் மூன்றுக்கும் உள்ள உறவைப் பார்க்கும் ஓர் ஆய்வில் களப்பணியாளர் வேலை. ஆய்வு என்றதும் வெள்ளைக் கோட்டும் நுண்ணோக்கியும் மனதில் ஓட, ஆசையாகச் சேர்ந்தேன். ஒருவர் ஒரு நாள் முழுக்கக் கழிக்கிற சிறுநீரை ஒரு தடவைகூட விட்டுப்போகாமல் சேர்த்து வாங்கி வருவதுதான் என் வேலை என்பது முதல் வாரத்திலேயே தெரிந்துவிட்டது.

நீங்கள் தினமும் எவ்வளவு உப்பு சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டால் யாராலும் சரியாகச் சொல்ல முடியாது. "கையளவுதான், கண்ணளவுதான்" என்பார்கள். அது பொய்யில்லை, அவர்களுக்குத் தெரிந்ததே அவ்வளவுதான். குழம்பில் போடும் உப்பு மட்டும் கணக்கு என்றால் எளிது. பழஞ்சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளும் மோர் மிளகாய், நார்த்தங்காய், உவரிப் பக்கத்திலிருந்து வரும் கருவாடு எல்லாம் சேர வேண்டும். கல்லிடைக்குறிச்சி அப்பளத்தில் உப்போடு அப்பளக்காரமும் சேர்கிறது. அந்தக் காரமும் சோடியம் உள்ள பொருள்தான், ஆனால் நாக்குக்கு உப்பாகத் தெரியாது. ஆக, வாயைக் கேட்பதைவிடச் சிறுநீரைக் கேட்பது மேல். சாப்பிடும் சோடியத்தில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு சிறுநீர் வழியாகத்தான் வெளியே போகிறது. 1 கிராம் உப்புக்கு 17 மில்லிமோல் (ஆய்வகத்தில் அளக்கும் அலகு) சோடியம் என்று கணக்கு. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு ஒரு நாளுக்கு 5 கிராமுக்குக் கீழே, அதாவது ஒரு டீஸ்பூனுக்குள்.

உப்பையும் ரத்த அழுத்தத்தையும் பல நாடுகளில் பார்த்து 1988-ல் வெளிவந்த இன்டர்சால்ட் ஆய்வும் இப்படித்தான் நடந்தது. 32 நாடுகள், 52 இடங்கள், பத்தாயிரத்துக்கு மேல் ஆட்கள். அத்தனை பேரிடமும் 24 மணி நேரச் சிறுநீர் வாங்கி, எல்லா மாதிரிகளையும் பெல்ஜியத்தில் ஒரே ஆய்வகத்தில் அளந்தார்கள். பயிற்சியில் இதைச் சொன்னபோது எனக்கு அந்த எண்கள் பெரிதாகத் தோன்றவில்லை. முக்கூடலில் ஒரே தெருவில் ஆறு கேன் வாங்குவதற்கு நான் நடந்த நடைக்கு அப்புறம், அந்தப் பத்தாயிரம் கேன்களையும் வாங்கிச் சுமந்த, பேர் தெரியாத ஆட்களை அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன்.

முறை இதுதான். காலையில் எழுந்ததும் போகும் முதல் சிறுநீரைக் கேனில் விடக் கூடாது. மணியை மட்டும் குறித்துக்கொள்ள வேண்டும். அதற்குப் பிறகு பகலும் இரவும் போவதெல்லாம் கேனுக்குள். மறுநாள் காலை அதே மணிக்குப் போவதையும் சேர்த்து மூடிவிட வேண்டும். காகிதத்தில் நாலு வரி. ஒரே அறையும் திண்ணையும் உள்ள வீட்டில், "மருமவப்பிள்ள வந்திருக்காரு, இத எங்ஙன கொண்டு வைப்பேன்" என்று ஒரு சித்தி கேட்டதற்கு அந்தக் காகிதத்தில் பதில் கிடையாது. கேனுக்குக் கருநீலத் துணிப் பை தைத்துக் கொடுத்தோம். அதற்குப் பிறகுதான் பெண்கள் வாங்கவே செய்தார்கள்.

முக்கூடலில் பீடி சுற்றும் அக்கா ஒருவர் நிரம்பிய கேனை என்னிடம் கொடுத்துவிட்டு, நான் கிளம்பும் நேரத்தில் பின்னாலேயே வந்தார். "எம்மா, ஒரு தடவ மட்டும் விட்டுப்போச்சு. பீடிய எண்ணிக் குடுக்கக் கடைக்குப் போன எடத்துல அடக்க முடியல. சொல்லாம இருக்க மனசு கேக்கல" என்றார். அந்தக் கேன் கணக்கில் சேராது. ஒரு தடவை விட்டுப்போனால் சோடியம் குறைவாகக் காட்டும், உப்பு குறைவாகச் சாப்பிடுகிற ஆளாக அவர் ஏட்டில் ஏறுவார். சந்தேகம் வந்தால் மொத்தக் கிரியாட்டினினைப் பார்ப்பார்கள். தசையிலிருந்து வரும் கழிவு அது, ஓர் ஆளுக்கு ஒரு நாளுக்கு ஏறத்தாழ ஒரே அளவில்தான் வெளியேறும், வெகுவாகக் குறைந்தால் கேனில் ஏதோ விட்டுப்போயிருக்கிறது என்று அர்த்தம். ஆனால் ஒரே ஒரு தடவை விட்டுப்போனதை அந்தக் கணக்கு பிடித்துவிடும் என்று சொல்ல முடியாது. அந்த அக்கா வாய் திறந்து சொன்னதால்தான் பிழைத்தோம். மறுவாரம் திரும்பவும் சேர்த்துத் தந்தார். அவருக்குக் காலதாமதத்தைத் தவிர இதில் கிடைத்தது ஒன்றுமில்லை. சிறுநீரக ஆராய்ச்சி என்ற பெரிய கட்டடம் இப்படிப்பட்டவர்களின் நேர்மையின்மேல்தான் நிற்கிறது. ஆய்வுக்கட்டுரைகளில் அதற்கு ஒரு வரி இடமில்லையே என்பது எனக்கு இன்றும் ஆற்றாமை.

பிரஷர் பார்ப்பதும் லேசுப்பட்ட காரியமில்லை. ஐந்து நிமிடம் பேசாமல், முதுகு சாய்ந்து, காலைத் தரையில் ஊன்றி, கை நெஞ்சு மட்டத்துக்கு வரும்படி உட்கார வேண்டும். அரை மணி நேரத்துக்கு முன்பு வரை காப்பியும் புகையிலையும் கூடாது. சிறுநீரை அடக்கிக்கொண்டு உட்காரக் கூடாது. மூன்று முறை பார்த்து, கடைசி இரண்டின் சராசரியை எடுத்துக்கொள்வோம். ஆயிரம் பீடிக்குக் கூலி வாங்குகிறவருக்கு ஐந்து நிமிடம் சும்மா இருப்பது பெரிய செலவு. மடியில் சொளவு, சொளவில் இலையும் தூளும், ஒரு கையில் பட்டியைக் கட்டினால் மறு கை தானாகக் கத்தரிக்குப் போகும். மெலிந்த கைக்குப் பெரிய பட்டியைக் கட்டினால் பிரஷர் குறைவாகக் காட்டும், பருத்த கைக்குச் சின்னப் பட்டி கூட்டிக் காட்டும். இதையெல்லாம் பாராமல் எழுதும் 150-க்கும் 130-க்கும் அர்த்தமே இல்லை. நான் சில நாள் அவசரத்தில் அப்படி எழுதியிருக்கிறேன். பிறகு அடித்துவிட்டுத் திரும்பப் போய்ப் பார்த்தேன்.

அந்தத் தெருக்களில் என்னை இன்னொன்றும் உறுத்தியது. நாள் முழுக்கக் குனிந்து உட்கார்ந்த இடுப்பு வலிக்கு, பெட்டிக்கடையில் கிடைக்கும் வலி மாத்திரையைத் தினமும் போடுகிறார்கள். அந்த வகை மாத்திரைகள் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்த ஓட்டத்தைக் குறைக்கும், பிரஷரை ஏற்றும், பிரஷர் மாத்திரையின் வேலையையும் கெடுக்கும். இதை ஒவ்வொரு வீட்டிலும் சொன்னேன். "அப்பம் வலிக்கு என்ன செய்ய?" என்று திருப்பிக் கேட்டார்கள். நியாயமான கேள்வி.

சிறுநீரகத்துக்கும் பிரஷருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டவர்களும் உண்டு. கன்னடியன் கால்வாய்ப் பாசனக்காரர் ஒருவருக்கு அவர் வயலை வைத்தே சொன்னேன். கடைமடையில் இருக்கிறவனுக்குத் தண்ணீர் வரவில்லை. அவன் வாய்க்கால்தான் தூர்ந்து கிடக்கிறது, ஆற்றில் தண்ணீர் இருக்கிறது. அது தெரியாமல் அவன் மேலே ஆள் அனுப்பி இன்னும் திறந்துவிடச் சொல்கிறான். திறந்தால் மற்ற வயல்களின் வரப்பு உடைகிறது. 1934-ல் ஹாரி கோல்ட்பிளாட் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர் நாய்களின் சிறுநீரகத் தமனியை இடுக்கி வைத்துச் சுருக்கியபோது ரத்த அழுத்தம் ஏறியது இப்படித்தான். ரத்தம் குறைவாக வந்தால் சிறுநீரகம் ரெனின் என்ற பொருளை விடும், அது உடம்பு முழுக்க அழுத்தத்தை ஏற்றும். ஏறிய அழுத்தம் திரும்பி வந்து அதே சிறுநீரகத்தின் நுண்ணிய வடிகட்டிகளைக் கெடுக்கும். இந்த ஆளனுப்பும் வேலையைத் தடுப்பதுதான் எனலாபிரில் என்ற பிரஷர் மாத்திரை. "அப்பம் தூர் வாரணும்லா" என்றார் அவர். தூர் வார மருத்துவத்தில் பெரும்பாலும் வழியில்லை, மேலும் தூராமல் பார்த்துக்கொள்ளலாம் என்றேன்.

இனி என் தப்பைச் சொல்ல வேண்டும். சேரன்மகாதேவிப் பக்கம் ஓர் ஆச்சிக்குச் சிறுநீரில் அல்புமின் என்ற புரதம் இருந்தது. நம் ஊரில் அதை "ஒண்ணுக்குல உப்பு போவுது" என்றுதான் சொல்வோம். கிரியாட்டினின் கூடினாலும் "ரத்தத்துல உப்பு" என்போம். நானும் வாய்ப்பழக்கத்தில் அப்படியே சொல்லிவிட்டு வந்தேன். இரண்டு வாரம் கழித்துப் போனால், ஆச்சி உப்பைக் கூட்டியிருக்கிறார். உடம்பிலிருந்து உப்பு வீணாகப் போகிறது, அதைச் சாப்பிட்டு ஈடுகட்ட வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. யோசித்துப் பார்த்தால் நான் சொன்னதற்கு அதுதான் அர்த்தம். பிரஷர் இருக்கிறவருக்கு என் ஒரு சொல்லால் இரண்டு வாரம் கூடுதல் உப்பு. அன்று ராத்திரி எனக்குத் தூக்கமில்லை.

மறுநாள் மேற்பார்வை மருத்துவரிடம் சொல்லிவிட்டு ஆச்சி வீட்டுக்குப் போனேன். கரண்டியில் கொஞ்சம் முட்டை வெள்ளைக்கருவைத் தண்ணீரில் கலந்து அடுப்பில் காட்டினேன். வெள்ளையாகத் திரிந்தது. "ஆச்சி, உங்க ஒண்ணுக்குல போவது இந்த மாதிரிச் சத்து, உப்பு இல்ல. வடிகட்டி கிழிஞ்சா இது ஒழுகும். உப்பு கூடுனா இன்னும் கிழியும்" என்றேன். 1827-ல் லண்டன் கைஸ் மருத்துவமனையின் ரிச்சர்ட் பிரைட், நோயாளிகளின் சிறுநீரைக் கரண்டியில் ஊற்றி மெழுகுவர்த்திச் சுடரில் காட்டிக் கண்டுபிடித்ததும் இந்தத் திரிதலைத்தான். 1836-ல் இப்படிப்பட்ட நோயாளிகள் பலரின் இதயம் பெருத்திருப்பதையும் எழுதினார். கையில் கட்டிப் பிரஷர் பார்க்கும் கருவி வருவதற்கு இன்னும் அறுபது வருடம் இருந்தது. சென்னையின் சிறுநீரக மருத்துவர் எம்.கே.மணி கிராமங்களில் நடத்திய தடுப்புத் திட்டத்திலும், அந்தந்த ஊர்ப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்து, அமிலத் துளி விட்டுச் சிறுநீர் கலங்குகிறதா என்று பார்க்கச் செய்தார். விலை குறைந்த சோதனை, விலை குறைந்த மாத்திரை, வீட்டுக்கு வரும் ஆள். எனக்கு மிகவும் பிடித்த ஆராய்ச்சி இந்த வகைதான்.

ஒரு தடவை அல்புமின் வந்தால் சிறுநீரக நோய் என்று எழுத முடியாது. காய்ச்சலிலும் வரும், கடுமையாக வேலை செய்த அன்றும் வரும். மூன்று மாதத்துக்கு மேலும் நீடித்தால்தான் நாள்பட்ட நோய் என்று பேர். ஆகவே ஆச்சி வீட்டுக்கு மூன்று மாதம் கழித்துத் திரும்பவும் கேன் கொண்டுபோனேன். பிரஷர் மாத்திரை விடாமல் போட்டுக்கொண்டிருந்தார். ரேஷன் அட்டையோடு என் பிரஷர் அட்டையும் ஒரே பையில் இருந்தது.

மறுநாள் காலை போனபோது துணிப் பை வாசல் நடையில் கட்டி வைத்திருந்தது. பக்கத்தில் ஒரு கிண்ணம், கிண்ணத்தில் புளியங்கொட்டைகள். ஒவ்வொரு தடவையும் ஒன்று போட்டாராம். எண்ணினேன், எட்டு இருந்தது. கிண்ணத்துக்கு வெளியே திண்ணையில் தனியாக ஒரு கொட்டை கிடந்ததைப் பார்த்து, இது என்ன ஆச்சி, இது விட்டுப்போச்சா என்று கேட்டேன்.

"ஏட்டி, அது மொத நாள் காலையில உள்ளது. நீதான அத கீழ விடச் சொன்ன" என்றார் ஆச்சி.