ரெண்டு இறக்கம், ஒரு ஏத்தம்

நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையில், ஒரு வங்கிக் கிளையின் வேளாண் அலுவலராக மூன்றரை ஆண்டுகள் பணியாற்றினேன். மாற்றல் ஆணை கைக்கு வந்தபோது அந்த மலையைப் பற்றி எனக்குத் தெரிந்திருந்ததெல்லாம் வல்வில் ஓரியின் பெயரும், காரவள்ளி அடிவாரத்திலிருந்து மேலேறும் சாலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளும்தான். முதல் நாள் பேருந்தில் முப்பதாவது வளைவு வரை எண்ணினேன். அதன்பின் எண்ணும் நிலையில் நான் இல்லை. பக்கத்து இருக்கையில் இருந்த அம்மா ஒன்றும் பேசாமல் மடியிலிருந்து ஓர் எலுமிச்சம்பழத்தை எடுத்து நீட்டினார்.

கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,000 முதல் 1,300 மீட்டர் உயரத்தில், சுமார் 280 சதுர கிலோமீட்டர் பரப்பில் விரிந்திருக்கும் மலை அது. வளப்பூர் நாடு, அரியூர் நாடு, வாழவந்தி நாடு, குண்டூர் நாடு என்று அங்குள்ள ஊராட்சிகளின் பெயர்கள் நாடு என்றே முடியும். அங்கே பெரும்பான்மையினர் மலையாளி என்னும் பழங்குடியினர். மலையை ஆள்வதால் மலையாளி என்பது அவர்கள் தரும் விளக்கம், பேசுவது தமிழ். காஞ்சிபுரத்துப் பக்கமிருந்து பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் என்று மூன்று சகோதரர்கள் வந்து ஆளுக்கொரு மலையில் தங்கிய கதையை எந்தத் திண்ணையிலும் கேட்கலாம். இதெல்லாம் அறியாத முதல் வாரத்தில், சாதிச் சான்றிதழைப் பார்த்து ஒரு பெரியவரின் விண்ணப்பத்தில் தாய்மொழி மலையாளம் என்று நானே பதிவு செய்துவிட்டேன். அவர் மகன் படித்துப் பார்த்துச் சிரித்தான். அந்தச் சிரிப்பில் கேலி இல்லை என்பதுதான் எனக்கு அதிகம் உறைத்தது.

நான் முதலில் தவறாகப் புரிந்துகொண்டது தூரத்தை. கள ஆய்வுப் பதிவேட்டில் கிளையிலிருந்து நிலம் எத்தனை கிலோமீட்டர் என்று நிரப்ப ஒரு பத்தி உண்டு. எவ்வளவு தூரம் என்று கேட்டால், "கிட்டத்தான் சார், ரெண்டு இறக்கம், ஒரு ஏத்தம்" என்று விடை வரும். சமவெளியில் பழகிய மனம் அதை இரண்டு கிலோமீட்டர் என்று மொழிபெயர்த்துக்கொண்டது. போகும்போது இரண்டு இறக்கமாக இருப்பவை திரும்பும்போது இரண்டு ஏற்றமாகிவிடும் என்ற எளிய கணக்கு, ஒரு பிற்பகலில் மூடுபனிக்குள் மூச்சிரைத்து நின்றபோதுதான் எனக்கு விளங்கியது. அந்தப் பாதையில்தான் உர மூட்டை தலைச்சுமையாக நிலத்துக்குப் போகிறது; விளைச்சல் தலைச்சுமையாகத் தார்ச்சாலைக்கு வருகிறது. ஒரு பயிருக்கு ஏக்கருக்கு எவ்வளவு கடன் என்பதை மாவட்ட அளவிலான தொழில்நுட்பக் குழு ஆண்டுதோறும் நிர்ணயிக்கும். நிலத்தின் வாசலில் டிராக்டர் நிற்கும் ராசிபுரத்து உழவருக்கும் இவர்களுக்கும் ஒரே தொகை.

ஏக்கர் என்பதும் அங்கே வேறாக இருந்தது. நில அளவையில் சரிவு கணக்கில் வராது. மேலிருந்து பார்த்தால் தெரியும் கிடைமட்டப் பரப்பே பட்டாவில் ஏறும். 30 பாகைச் சரிவில் இருக்கும் ஓர் ஏக்கரை மண்மேல் அளந்தால் ஏறக்குறைய 15 சதவீதம் கூடுதலாக வரும். களை எடுக்கிறவர் குனிவது அந்த மண்மேல்தானே தவிர பட்டாவின்மேல் அல்ல. இதை நான் கண்டுபிடிக்கவில்லை. "காகிதத்துல ஒரு ஏக்கர், கூலி கொடுக்கறப்ப ஒண்ணேகால்" என்று ஒருவர் முணுமுணுத்ததைக் கேட்ட பிறகு, வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். அவர் சற்றுக் கூட்டித்தான் சொல்லியிருந்தார். ஆனால் கூட்டுவதற்கு அடிப்படை இருந்தது.

அந்த ஆண்டுகளில் எனக்கு மிகுந்த சங்கடம் தந்தது தவணைதான். ஓராண்டுக்குள் விளையும் பயிருக்கான கடன், தவணை தேதிக்குப் பின் இரண்டு பயிர்ப் பருவங்கள் கட்டப்படாமல் நின்றால் வாராக்கடனாகிவிடும் என்பது விதி. அப்படி நெருங்கிக்கொண்டிருந்த ஒரு கணக்குக்கு அறிவிப்பை எடுத்துக்கொண்டு, ஐப்பசி மழையில் ஒரு வீட்டுக்குப் போனேன். வீட்டுக்காரம்மா காபி கொடுத்தார். அவர்கள் தோட்டத்துக் கொட்டை, கருப்பட்டி போட்டது. கடனைப் பற்றிப் பேச்செடுத்ததும் எழுந்து உள்ளே போய், பரணிலிருந்த ஒரு சாக்கின் வாயை அவிழ்த்துக் காட்டினார். காய்ந்த மிளகு. "இப்ப வெல இல்ல சார். தை கழியட்டும், போட்டுட்டு வந்து கட்டிடறேன்" என்றார்.

நான் அதைச் சாக்குப்போக்கு என்றே எடுத்துக்கொண்டு, அறிவிப்பில் கையொப்பம் வாங்கி வந்தேன். பிறகுதான் வீடு வீடாகக் கவனித்தேன். சில்வர் ஓக் மரங்களில் ஏற்றிவிட்ட கொடியிலிருந்து மார்கழிக்குப் பிறகு பறித்து உதிர்த்துப் பாயில் காயவைக்கும் மிளகை, அவர்கள் மொத்தமாக விற்பதில்லை. பள்ளிக்கூடம் திறக்கும்போது சில கிலோ, ஆடி 18-க்கு முன் சில கிலோ, மருத்துவச் செலவுக்குச் சில கிலோ என்று சோளக்காட்டுச் சந்தைக்கு இறக்குவார்கள். நன்றாகக் காய்ந்த மிளகு ஆண்டுக்கணக்கில் கெடாது. வைப்புத்தொகை திரட்டச் சொல்லி வட்டார அலுவலகம் எங்களை நெருக்கிக்கொண்டிருந்த அதே நாள்களில், எங்கள் கிளையைவிடப் பழைய வங்கியொன்று ஒவ்வொரு பரணிலும் இயங்கிக்கொண்டிருந்தது. அந்த அம்மா சொன்னபடி மாசி முதல் வாரத்தில் வந்து முழுத்தொகையையும் கட்டினார். அறிவிப்பைப் பற்றி ஒரு சொல் பேசவில்லை. அதன்பின் நான் பரிந்துரைத்த கடன்களில், இயன்ற இடங்களில் எல்லாம் மிளகு விற்கும் மாதத்தை ஒட்டியே தவணை தேதியைக் கேட்டு எழுதினேன். மேலிடம் சிலவற்றை ஏற்றது. பலவற்றைத் திருப்பி அனுப்பியது.

குச்சிக்கிழங்குக்கு அந்த வசதி கிடையாது. பிடுங்கிய மரவள்ளி ஓரிரு நாளில் கெடத் தொடங்கிவிடும் என்பதால், கீழே ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலைகள் மாவுச்சத்தைப் 'பாயின்ட்' கணக்கில் அளந்து சொல்லும் விலைக்கே லாரி ஏற்றியாக வேண்டும். ஆனாலும் சாமையும் தினையும் கேழ்வரகும் இருந்த சரிவுகளில் பெரும்பகுதியை அது பிடித்துக்கொண்டது. பணப்பயிர் ஆசை என்று இதை எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். நானும் ஓர் அறிக்கையில் அப்படித்தான் எழுதினேன். ஒரு மகளிர் குழுக் கூட்டத்தில், சாமையை ஏன் விட்டீர்கள் என்று கேட்டபோது, மூத்த பெண்ணொருவர் விடை சொல்லாமல் தன் உள்ளங்கைகளை விரித்துக் காட்டினார். சாமையின் உமி கெட்டியானது; ஒரு வேளைச் சோற்றுக்கு உரலில் அவ்வளவு நேரம் குத்த வேண்டும். எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களிலிருந்து அங்கே சிறுதானியங்களுக்காகப் பணியாற்றியபோது, விதையோடு நில்லாமல் அரவை இயந்திரங்களையும் ஊருக்குள் கொண்டுவந்தது ஏன் என்பது அந்தக் கைகளைப் பார்த்தவர்களுக்குப் புரியும்.

என் இடத்துக்கு வந்த இளைஞர் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். பொறுப்பை ஒப்படைத்த நாளில் அவர் கள ஆய்வுப் பதிவேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். கிலோமீட்டர் பத்திக்கு அருகில் நான் பென்சிலால் '2 இ, 1 ஏ' என்பதுபோல் எழுதியிருந்தவற்றைக் காட்டி, இது என்ன குறியீடு, தணிக்கையில் கேட்டால் என்ன சொல்வது என்று கேட்டார். சொன்னேன். அவர் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு, "திரும்பி வரும்போது மாற்றிப் படிக்க வேண்டுமா சார்?" என்றார்.