அடுத்த வளவு ஆக்களுக்கு

1978 நவம்பர் 23 மட்டக்களப்புச் சூறாவளிக் கதையை அம்மம்மா சொல்லச் சொல்லக் கேட்டு வளர்ந்த ஆக்கள் நாங்க. அதனால டித்வா புயல் வந்த ராவு, காத்து இரைஞ்ச இரைச்சலுக்கு ஆரையம்பதியில எங்கட வீட்டில ஒருத்தரும் கண் மூடல்ல. விடியக் கதவைத் திறந்தா முற்றத்து மாமரம் கிணத்துக்கு மேல கிடக்கு. நான் அழுதுட்டன்.

கூப்பிடாமலே முன்வீட்டு மாமா கோடாலியோட வந்து நிக்கிறார். காத்தான்குடியில இருந்து காக்கா ஒருத்தர் மரம் அறுக்கிற மெசினைத் தூக்கிக்கொண்டு வந்தார். காசு நீட்டினா, "சும்மா இரு புள்ள" என்றார். பக்கத்து வீட்டு மாமி விறகடுப்பில பிட்டு அவிச்சு, மீன் சொதியோட எல்லாருக்கும் தந்தா. கரண்ட் இல்லாத அந்த நாள் முழுக்க அவட அடுப்பு அணையவே இல்ல. கிணறு இறைச்சு முடியப் பொழுது பட்டுட்டு.

எல்லாருக்கும் நன்றி. மாமி, உங்கட பிட்டுப் பானை எங்கட குசினியிலதான் இருக்கு, நாளைக்குக் கொண்டு வாறன்.