பளிங்குத் தரையில் தூங்கியவர்கள்

2021 ஜனவரி 6 அன்று வாஷிங்டன் நாடாளுமன்றக் கட்டடத்துக்குள் கூட்டம் புகுந்ததும், பக்கத்து மாநிலமான வர்ஜீனியாவின் ஆளுநர் 200 மாநிலப் போலீசாரையும் தேசியக் காவல்படையினரையும் அனுப்பினார். மேரிலாந்திலிருந்தும் ஆட்கள் போனார்கள். அன்று சுமார் 140 போலீசார் காயம்பட்டார்கள்.

அப்புறம் வந்த நாட்களில், காவல்படையினர் அந்தக் கட்டடத்தின் பளிங்குத் தரையிலேயே சீருடையோடு படுத்துத் தூங்கிய படம் இன்னும் என் கண்ணை விட்டுப் போகவில்லை. பெரும்பாலும் முழுநேர ராணுவத்தினர்கூட இல்லை, பாவம். கடையிலும் பள்ளியிலும் வேலை பார்ப்பவர்கள், அழைப்பு வந்ததும் கிளம்பி வந்தவர்கள்.

2022 டிசம்பர் 6 அன்று, கட்டடத்தைக் காத்தவர்களுக்கு நாடாளுமன்றத் தங்கப் பதக்கம் வழங்கினார்கள். வெளி மாநிலங்களிலிருந்து ஓடி வந்தவர்களுக்கும் சேர்த்தே என் நன்றி.