பனியில் ஃபேட் பைக்: ஃபோர்க்கைக் குளிரில் வைத்துத்தான் அளக்க வேண்டும்

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்து ஈகன் நகரில் நாங்கள் குடியிருக்கும் வீட்டிலிருந்து லெபனான் ஹில்ஸ் பூங்காவின் சைக்கிள் தடங்களுக்குப் பத்து நிமிடத்தில் போய்விடலாம். இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, ஒரு ஜனவரிக் காலையில், வெளியே மைனஸ் 20 டிகிரி செல்சியஸ் இருந்தபோது, வாங்கி ஒரு மாதம்கூட ஆகாத, மிக அகலமான டயர்கள் கொண்ட ஃபேட் பைக் சைக்கிளை எடுத்துக்கொண்டு அங்கே போனேன். முந்தின இரவே வீட்டுக் கூடத்தில் வண்டியை நிறுத்தி, டயர்களுக்கும், முன்சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு காற்றின் பலத்தில் அமுங்கி எழும் ஃபோர்க்குக்கும் கையேட்டில் சொன்ன அளவுக்குக் காற்றடித்து, ஏறி உட்கார்ந்து பார்த்து, எல்லாம் சரியாக இருக்கிறது என்ற நிம்மதியோடுதான் படுத்திருந்தேன். தடத்தில் இறங்கிக் கால்மணி நேரம் ஆவதற்குள் ஃபோர்க் தன் அசைவில் பாதிக்குமேல் அமுங்கி அங்கேயே நின்றுவிட்டது. முந்தைய வாரம் நடந்து போனவர்களின் காலடிக் குழிகள் கல்லாக உறைந்து கிடந்தன. அவற்றின்மேல் போகும்போது ஃபோர்க் மேலே எழவும் இல்லை, ஒவ்வொரு குழியின் அடியும் நேராக மணிக்கட்டில் இறங்கியது. தளர்ந்து தொய்ந்துபோன ஒரு பொருள் அதே வேளையில் இறுகியும் இருப்பது எப்படி என்று எனக்கு அன்று விளங்கவில்லை.

சைக்கிள் கடையில் காட்டினேன். காற்றும் எண்ணெயும் கசியாமல் தடுக்கும் ரப்பர் அடைப்பான சீல் போயிருக்கும் என்று சொல்லி மாற்றிக் கொடுத்தார்கள். கடைக்குள் ஃபோர்க் பட்டுப்போல் அசைந்தது. அடுத்த சனிக்கிழமை தடத்தில் மறுபடியும் அதே கதை. அன்று மாலை கூடத்தில் உட்கார்ந்து காற்றழுத்தத்தைச் சோதித்தால், நான் முதலில் அடித்த அளவில் துளியும் குறையாமல் இருந்தது. பார்த்துக்கொண்டிருந்த என் மனைவி, “வெளியிலதானே ஓட்டுறீங்க, வெளியில வெச்சே அளந்து பாருங்களேன்” என்றார். வண்டியைப் பின்கட்டில் இரண்டு மணி நேரம் நிறுத்திவைத்து அங்கேயே அளந்தபோதுதான் என் பிழை தெரிந்தது. உள்ளே 60 பி.எஸ்.ஐ. (ஒரு சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அழுத்த அளவு) காட்டிய ஃபோர்க் வெளியே 50-க்கும் கீழே காட்டியது.

இது பள்ளியில் படித்த வாயு விதிதான். அடைபட்ட காற்றின் முழு அழுத்தம் கெல்வின் வெப்பநிலையோடு சேர்ந்தே ஏறி இறங்கும். வீட்டுக்குள் 21 டிகிரி என்றால் 294 கெல்வின். வெளியே மைனஸ் 20 என்றால் 253 கெல்வின். ஆகவே முழு அழுத்தத்தில் 14 விழுக்காடு போய்விடுகிறது. ஆனால் நம் பம்பின் முள் காட்டுவது முழு அழுத்தத்தை அல்ல, வெளிக்காற்றின் அழுத்தமான 14.7 பி.எஸ்.ஐ.-க்கு மேலே எவ்வளவு இருக்கிறது என்பதைத்தான். அதனால் 60 பி.எஸ்.ஐ. உள்ள ஃபோர்க் ஏறத்தாழ 50-க்கு இறங்குகிறது, 6 பி.எஸ்.ஐ. உள்ள டயரோ 3-க்கு, அதாவது சரிபாதிக்கு இறங்கிவிடுகிறது. அழுத்தம் எவ்வளவு குறைவோ அவ்வளவு பெரிய அடி அதற்கு விழுகிறது. ஃபேட் பைக் ஓட்டுகிறவர் எவரும் முதலில் மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டிய கணக்கு இது. பம்பின் குழாயைச் செருகும்போது ஃபோர்க்கிலிருந்து கொஞ்சம் காற்று குழாய்க்குள் ஓடிவிடும் என்பதால் முள் காட்டுவது உண்மையைவிடச் சற்றுக் குறைவாகவே இருக்கும் என்பதையும் இதோடு சேர்த்து நினைவில் வைக்க வேண்டும்.

தொய்வுக்குக் காரணம் காற்று என்றால், இறுக்கத்துக்குக் காரணம் எண்ணெய். மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெய்ப் புட்டியைக் கவிழ்த்தால் ஒரு சொட்டுகூட விழாமல், வெயிலில் வைத்து உருக்கி எடுத்தது நம்மில் பலருக்கும் பழக்கமான காட்சி. ஃபோர்க்கின் டேம்பருக்குள் இருக்கும் எண்ணெய் அப்படிக் கட்டியாக உறைவதில்லை. ஆனால் அது தடிக்கிறது. டேம்பரின் வேலையே எண்ணெயைச் சிறு துளைகள் வழியே தள்ளி அசைவை மட்டுப்படுத்துவது. எண்ணெய் தடித்தால் அமுங்கும்போது அது எதிர்த்து நிற்கிறது, அதனால் அடி கைக்கு வருகிறது. மீளும்போது மெதுவாக மீள்கிறது, அதனால் அடுத்த குழி வருவதற்குள் ஃபோர்க் தன் பழைய உயரத்துக்குத் திரும்பியிருப்பதில்லை. ஐந்தாறு குழிகள் அடுத்தடுத்து வந்தால் ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே போய், கடைசியில் அசைய இடமே இல்லாமல் நிற்கிறது. ஸ்பிரிங்காக வேலை செய்யும் காற்று முன்பே அழுத்தம் இழந்து தளர்ந்திருப்பதால் மேலே தள்ளும் விசையும் குறைவு. அந்த ஜனவரிக் காலையில் நடந்தது இந்த இரண்டும் சேர்ந்த வினை.

ரப்பர் சீல்களையும் சேர்த்தே சொல்ல வேண்டும். வழக்கமான நைட்ரைல் ரப்பர் குளிரில் விறைத்துப்போகிறது. விறைத்த சீல் ஃபோர்க்கின் காலை இறுகப் பிடித்து உராய்வைக் கூட்டுகிறது, சில சமயம் காற்றையும் கசியவிடுகிறது. சீலுக்கு அடியில் அப்பியிருக்கும் கிரீஸ் மெழுகாகிவிடுகிறது. என் ஃபோர்க்கை நானே பிரித்தபோது அந்தப் பழுப்பு கிரீஸை விரல் நகத்தால் சுரண்டித்தான் எடுக்க முடிந்தது. அதைத் துடைத்துவிட்டு, குளிருக்கென்று விற்கும் மென்மையான செயற்கைக் கிரீஸை மெல்லிய படலமாகத் தடவி, கீழ்க்காலில் ஊற்றும் உயவு எண்ணெயையும் இலேசான வகையாக மாற்றினேன். டேம்பர் எண்ணெயை மட்டும், 5 எடைக்குப் பதில் 2.5 எடை (எண் குறைந்தால் எண்ணெய் இலேசானது) போடலாம் என்று கேள்விப்பட்டிருந்தும், நான் மாற்றவில்லை. ஏப்ரலில் மறுபடியும் மாற்ற வேண்டியிருக்கும் என்பதோடு, மீளும் வேகத்தை மாற்றும் ரீபவுண்ட் குமிழைத் திருப்பியே வேண்டியதைப் பெற முடிந்தது. என் ஃபோர்க்கில் கோடையில் வைக்கும் இடத்திலிருந்து நான்கு சொடுக்குத் திறந்துவிட்டால் மைனஸ் 15-இல் ஏறத்தாழ அதே வேகத்தில் மீள்கிறது. அமுங்கும் வேகத்தை மாற்றும் கம்ப்ரெஷன் குமிழ் முழுக்கத் திறந்தே இருக்கிறது.

இப்போது நான் செய்யும் முறை இதுதான். வண்டி குளிர்காலம் முழுவதும் சூடேற்றாத கராஜிலேயே நிற்கும். ஓட்டப்போகும் நாளன்று அதை வெளியே ஒரு மணி நேரம் நிறுத்திவிட்டு, கனத்த மேலாடை, பூட்ஸ், முதுகுப்பை, தண்ணீர் எல்லாவற்றோடும் ஏறி உட்கார்ந்து, நம் எடைக்கு ஃபோர்க் எவ்வளவு இறங்குகிறது என்று பார்ப்பேன். சேக் என்று சொல்கிற இந்த அளவு மொத்த அசைவில் கால்பங்குக்குள் நிற்கும்வரை காற்றடிப்பேன். குளிர்கால உடுப்பும் பையும் மட்டும் என் எடையில் ஐந்து கிலோ கூட்டுகின்றன. பனியனோடு கூடத்தில் அளந்த சேக் இதைக் கணக்கில் எடுத்திருக்கவே முடியாது. பிறகு வீட்டுக்கு முன்னால் உள்ள நடைபாதையின் விளிம்பிலிருந்து இருபது முறை இறங்கி ஏறி, எண்ணெய் கொஞ்சம் இளகிய பின் மறுபடியும் பார்ப்பேன். ஃபோர்க்கின் காலில் ஒரு சிறு ரப்பர் வளையம் இருக்கும். சவாரி முடிந்ததும் அது எங்கே நிற்கிறது என்பதைப் பார்த்தால், எவ்வளவு தூரம் அமுங்கியது என்பதை அதுவே சொல்லிவிடும். சீலைச் சுற்றி ஒட்டியிருக்கும் பனித்துகளை அப்போதே தூரிகையால் தட்டிவிடுவது நல்லது. உருகி மறுபடி உறைந்தால் அது பனிக்கட்டி வளையமாகிச் சீலின் உதட்டைக் கிழிக்கும்.

இவ்வளவும் ஃபோர்க்கைப் பற்றி. ஆனால் ஃபேட் பைக்கில் அதிர்ச்சி தாங்கும் முதல் சஸ்பென்ஷன் டயர்தான், அதைச் சரிசெய்யாமல் ஃபோர்க்குக்குப் பணம் செலவழிப்பது வீண் என்பதே என் உறுதியான எண்ணம். நான்கு முதல் ஐந்து அங்குல அகலமுள்ள டயரில் அழுத்திய பனித்தடத்துக்கு 6 அல்லது 7 பி.எஸ்.ஐ., புதுப்பனிக்கு 3 அல்லது 4 என்று நான் வைக்கிறேன். 4 பி.எஸ்.ஐ.-யில் ஒரே ஒரு பி.எஸ்.ஐ. கூடக் கால்பங்கு வித்தியாசம். ஆகவே 160 வரை எண் போட்ட சாதாரண பம்பின் முள்ளை நம்பி இதைச் செய்ய முடியாது, 15 பி.எஸ்.ஐ.-க்குள் அளக்கும் தனி மானி வேண்டும். மானி இல்லாதபோது கண்ணே போதும்: ஏறி உட்கார்ந்ததும் டயரின் பக்கச்சுவரில் மெல்லிய சுருக்கங்கள் விழ வேண்டும். வீட்டுக்குள் காற்றடித்தே தீர வேண்டும் என்கிறவர்கள் வெளியே 6 வேண்டுமானால் உள்ளே 9-க்குச் சற்று மேலே அடித்துக்கொண்டு போகலாம். டயருக்கு இருக்கும் ஒரே குறை, அது வெறும் ஸ்பிரிங், அதற்கு டேம்பர் இல்லை என்பது. காற்று சற்றே கூடினால் மிதிக்கும் தாளத்துக்கு ஏற்ப வண்டி பந்துபோல் குதிக்கத் தொடங்கும். அந்தக் குதிப்பை அடக்கத்தான் ஃபோர்க்கே தவிர, மெத்தையாவதற்கு அல்ல.

அப்படியானால் பனிக்கு எந்த ஃபோர்க்? இந்த வகை வண்டி வளர்ந்த இடத்தைப் பார்த்தாலே பாதி விடை கிடைக்கும். 2005-இல் பக்ஸ்லியை வெளியிட்டு ஃபேட் பைக்கைச் சாதாரணக் கடைகளுக்குக் கொண்டுவந்த சர்லி நிறுவனம் எங்கள் பக்கத்து ஊரான புளூமிங்டனைச் சேர்ந்தது. அந்த வண்டிக்கு அசையும் ஃபோர்க் எதுவும் இல்லை. 3.7 அங்குல டயரே எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டது. ஃபேட் டயருக்கென்றே வடிவமைத்த ராக்‌ஷாக்ஸ் புளூட்டோ என்ற அசையும் ஃபோர்க் வந்தது 2014-இல்தான். 32 மில்லிமீட்டர் தடிமனுள்ள கால்களும், 150 மில்லிமீட்டர் அகலமுள்ள ஹப்பும் (சக்கரத்தின் நடுக்குடம்) கொண்டது. அதற்குப் பின் வந்த மானிட்டூ மாஸ்டடானின் கால்கள் 34 மில்லிமீட்டர். அதனால் கனமான முன்சக்கரத்துக்குக் கீழ் வளைவு குறைவு, ஆனால் எடை கூடுதல். ஐஸ்லாந்தின் லாஃப் நிறுவனம் செய்த கார்பனாரா முற்றிலும் வேறு வழி: கண்ணாடி இழைப் பட்டைகளே ஸ்பிரிங், அசைவு 60 மில்லிமீட்டர், எடை ஒரு கிலோவுக்குச் சற்று மேல், எண்ணெயும் இல்லை, சீலும் இல்லை, காற்றும் இல்லை. குளிர் தொட்டுக் கெடுக்க அதில் ஒன்றுமே இல்லை. நண்பர் ஒருவருடையதை மைனஸ் 24-இல் ஓட்டிப் பார்த்தேன். அக்டோபரில் எப்படி அசைந்ததோ அப்படியேதான் அசைந்தது. டேம்பர் இல்லாததால் டயரின் குதிப்பை மட்டும் அது அடக்குவதில்லை.

மினசோட்டாவின் வடகோடியில் உள்ள இன்டர்நேஷனல் ஃபால்ஸ் ஊரிலிருந்து டவர் வரை, ஜனவரிக் கடைசியில், 135 மைல் ஓடும் ஏரோஹெட் 135 பந்தயத்தில் அசையாத ரிஜிட் ஃபோர்க்குகளுக்குத்தான் மதிப்பு. மைனஸ் 29 டிகிரிக்குத் தாங்கும் உறக்கப்பையைக் கூடவே கொண்டுபோக வேண்டும் என்பது அங்கே விதி. அந்தச் சுமையை ரிஜிட் ஃபோர்க்கின் இரு காலிலும் திருகி மாட்டிவிடலாம், உறைந்த காட்டுக்குள் நள்ளிரவில் கெட்டுப்போக அதில் பாகம் எதுவும் கிடையாது. என் பூங்காச் சவாரிக்கு அந்த அளவு நெருக்கடி இல்லை என்றாலும், புதுப்பனியில் ரிஜிட் ஃபோர்க் இன்னொரு காரணத்துக்காகவும் எனக்குப் பிடிக்கிறது: வளைவில் பிரேக் பிடிக்கும்போது காற்று ஃபோர்க் முன்னால் அமுங்கி எடையை முன்சக்கரத்தின்மேல் தள்ளுகிறது, சக்கரம் பனியைக் குடைந்துகொண்டு உள்ளே போய்விடுகிறது. ரிஜிட் ஃபோர்க்கில் முன்பக்கத்தின் உயரம் மாறாததால் சக்கரம் மிதந்துகொண்டே இருக்கும்.

ஆகவே இப்போது என்னிடம் இரண்டு ஃபோர்க்குகள் இருக்கின்றன. டிசம்பர் நடுவிலிருந்து பிப்ரவரிக் கடைசிவரை, தன்னார்வலர்கள் தடத்தை அழுத்திச் சீராக்கி வைத்திருக்கும் காலத்தில், கார்பன் ரிஜிட் ஃபோர்க். வேர்களும் கற்களும் இன்னும் தெரியும் நவம்பரிலும், பகலில் இளகி இரவில் உறைந்து தடமெங்கும் காலடிக் குழிகளாகும் மார்ச்சிலும் காற்று ஃபோர்க். அப்போது வெப்பநிலை மைனஸ் 10-க்குக் கீழே அரிதாகத்தான் போகும், அதனால் ஃபோர்க்கும் ஒழுங்காக வேலை செய்யும். உண்மையில் அதற்கு வேலை இருப்பதும் அப்போதுதான்.

இரண்டு ஃபோர்க் வாங்க நினைப்பவர்கள் இரண்டு அளவுகளைக் கட்டாயம் பார்க்க வேண்டும். முதலாவது ஹப்பின் அகலம்: பழைய ஃபேட் பைக்குகள் பலவற்றில் முன் ஹப் 135 மில்லிமீட்டர், அசையும் ஃபோர்க்குகளுக்கோ 150, பொருந்தாவிட்டால் சக்கரத்தையே மாற்ற நேரும். இரண்டாவது அச்சிலிருந்து ஃபோர்க்கின் தோள்வரை உள்ள உயரம். 20 மில்லிமீட்டர் உயரம் கூடினால் ஸ்டியரிங்கின் சாய்வு ஏறக்குறைய ஒரு டிகிரி படுத்துவிடும். பனியில் அது முன்சக்கரத்தின் பிடியைக் குறைத்து, வளைவில் வழுக்கவைக்கும். என் ரிஜிட் ஃபோர்க்கை, காற்று ஃபோர்க் சேக் வாங்கிய பிறகு எந்த உயரத்தில் நிற்குமோ அதே உயரத்துக்குப் பார்த்து வாங்கினேன். ஃபோர்க்கைச் சட்டத்தில் சுழலவிடும் ஹெட்செட்டின் அடி வளையத்தை ஒவ்வொரு முறையும் தட்டிக் கழற்றாமல் இருக்க, இரண்டாவதாக ஒன்று வாங்கி அந்த ஃபோர்க்கிலேயே நிரந்தரமாக மாட்டிவைத்துவிட்டேன். மிகச் சிறிய செலவு. மாற்றும் வேலை முக்கால் மணி நேரமாகக் குறைந்துவிட்டது.

பின் சஸ்பென்ஷனைப் பற்றிக் கேட்டால், பனிக்கு வேண்டாம் என்றே சொல்வேன். மேலே சொன்ன காற்று, எண்ணெய், சீல் தொல்லைகள் எல்லாம் இரட்டிப்பாகும், இணைப்புகளில் பனி அடைத்துக்கொள்ளும். முதுகுக்கு இதம் வேண்டுமானால் அசையும் இருக்கைத் தண்டு உண்டு. அதிலுள்ள ரப்பர்க் கட்டைகளும் குளிரில் இறுகும் என்பதால் கோடைக்குப் போட்டதைவிட ஒருபடி மென்மையானதைப் போட வேண்டும்.

கராஜ் சுவரில் பம்புக்கு மேலே ஒரு அட்டையை ஒட்டியிருக்கிறேன். தேதி, வெப்பநிலை, முன் டயர், பின் டயர், ஃபோர்க்கின் காற்று, ரீபவுண்ட் சொடுக்கு, ரப்பர் வளையம் நின்ற இடம் என்று பென்சிலால் கோடு போட்டு எழுதி வருகிறேன். பேனா மை அந்தக் குளிரில் இறங்குவதில்லை. இப்போது 31 வரிகள் இருக்கின்றன. நாளைக் காலை மைனஸ் 17 என்று வானிலை அறிவிப்பு சொல்வதால், அதற்கு மிக அருகில் உள்ள 22-ஆம் வரியில் இருந்தபடி முன் டயருக்கு 5.5, பின் டயருக்கு 6.5 என்று தொடங்கப்போகிறேன்.