லோ வோல்டேஜில் ஹீட்டர் எவ்வளவு இழக்கிறது? அளந்து பார்த்த கணக்கு

குறுவைக்கு நாற்றங்கால் விடும் சமயத்தில் எங்கள் வலங்கைமான் பக்கம் சாயங்காலமானால் வோல்டேஜ் இறங்கிவிடும். ஜூன் 12ஆம் தேதி மேட்டூர் திறந்தாலும் வாய்க்காலில் தண்ணீர் எட்டிப் பார்க்கும்வரை எல்லார் வீட்டுப் போர் மோட்டாரும் ஓடும். அம்மாவுக்கு மூட்டுவலி, வெயில் காலத்திலும் வெந்நீர்தான், வாளித் தண்ணீரில் போடும் ராட் ஹீட்டரில். “ஹீட்டர் கெட்டுப் போச்சுடா, வேற வாங்கு” என்றார். வாங்குவதற்கு முன் அளந்து பார்த்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

கையில் இருந்தது ஏ.சி. ஆம்பியர் காட்டும் ஒரு கிளாம்ப் மீட்டர், வயரைக் கவ்விப் பிடித்து அளக்கும் வகை. மின்தடையும் வோல்டேஜும் அதிலேயே பார்க்கலாம். பிளக்கைக் கழற்றி வைத்து, பிளக்கின் இரண்டு முனைகளுக்கும் நடுவே மின்தடை பார்த்தேன்: 35 ஓமுக்குக் கொஞ்சம் மேல். ராடில் 1500 வாட், 230 வோல்ட் என்று அச்சடித்திருக்கிறது. 230ஐ 230ஆல் பெருக்கி 1500ஆல் வகுத்தால் 35.3. ஆக, ஹீட்டருக்கு ஒன்றும் ஆகவில்லை.

அப்புறம் ஓடவிட்டு ஆம்பியர் பார்த்தேன். கிளாம்ப்பின் வாய்க்குள் ஒரே ஒரு வயர்தான் போக வேண்டும். ஃபேஸும் நியூட்ரலும் சேர்ந்து போனால் இரண்டின் காந்தப்புலமும் ஒன்றையொன்று தின்றுவிடும், மீட்டர் பூஜ்யம் காட்டும். அதற்காகவே மூன்று வயரும் தனித்தனியாகத் தெரிகிற மாதிரி ஒரு சின்ன எக்ஸ்டென்ஷன் செய்துகொண்டேன். இன்சுலேஷனை எங்கும் வெட்டவில்லை, வெளி உறை இல்லாத தனித்தனி வயர்களைப் போட்டுக் கட்டியதுதான்.

சாயங்காலம் வோல்டேஜ் 190, ஆம்பியர் 5.4. வகுத்தால் 35.2 ஓம். காலையில் பார்த்த அதே மின்தடைதான். ஓம் 1827இல் எழுதி வைத்தது நம் வீட்டு வாளிக்குள் அப்படியே நிற்பதைப் பார்க்க உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. பெருக்கினால் 1026 வாட். வோல்டேஜ் குறைந்தது 17 சதவீதம், திறன் குறைந்தது 32 சதவீதம். வோல்டேஜ் இறங்கும்போது ஆம்பியரும் சேர்ந்து இறங்குகிறது, அதனால் அடி இரட்டிப்பாக விழுகிறது. 15 லிட்டர் வாளியை 30 டிகிரியிலிருந்து 45க்குக் கொண்டுவர முழு வோல்டேஜில் ஏறத்தாழ பத்தரை நிமிடம் போதும். 190இல் கால் மணி நேரம் ஆகும். அம்மாவின் சந்தேகத்துக்கு முழுக் காரணமும் இதுதான்.

கணக்கு சரியா என்று வேறு வழியிலும் பார்த்தேன். ஈ.பி. மீட்டரில் சிவப்பு விளக்கு சிமிட்டுகிறதல்லவா? எங்கள் மீட்டரில் 3200 சிமிட்டலுக்கு ஒரு யூனிட் என்று எழுதியிருக்கிறது. ஒரு யூனிட் என்பது 36 லட்சம் ஜூல், அப்படியானால் ஒரு சிமிட்டல் 1125 ஜூல். மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு எண்ணினால் 10 சிமிட்டலுக்கு 11 விநாடி. 11250ஐ 11ஆல் வகுத்தால் 1023 வாட். கிளாம்ப் சொன்னதும் இதுவும் ஒன்றுபோல்தான். செலவே இல்லாத வாட் மீட்டர் இது. உங்கள் மீட்டரில் அந்த எண் வேறாக இருக்கலாம், முகப்பைப் பார்த்துவிட்டு எண்ணுங்கள்.

எல்லாப் பொருளும் ஹீட்டர் போல நேர்மையாக நடப்பதில்லை. பழைய 100 வாட் குண்டு பல்பு ஒன்று பரணில் கிடந்தது. ஆறிய நிலையில் 40 ஓம்தான் காட்டியது. எரியும்போது 230 வோல்டுக்கு 0.43 ஆம்பியர், அதாவது 530 ஓமுக்கு மேல். டங்ஸ்டன் இழை வெள்ளையாகக் காய்ந்ததும் மின்தடை அத்தனை மடங்கு ஏறிவிடுகிறது. ஆறிய இழையில் முதல் நொடி ஆம்பியர் பல மடங்கு பாயும், குண்டு பல்பு பெரும்பாலும் சுவிட்ச் போடும் நொடியிலேயே போய்விடுவதற்கும் இதுதான் காரணம்.

கொல்லைக் கடைசியில் இருக்கும் ஒன்றரை ஹெச்.பி. மோட்டார்தான் அதிக நேரம் வாங்கியது. வீட்டில் 205 வோல்ட் இருக்கும்போது 10 ஆம்பியர் இழுத்தது. பெருக்கினால் 2050. ஆனால் சிமிட்டலோ 10க்கு 7 விநாடி, அதாவது 1600 வாட்தான். மோட்டாரில் ஆம்பியர் வோல்டேஜுக்குப் பின்தங்கி வருவதால் வெறும் பெருக்கல் போதாது. பவர் ஃபேக்டரையும், அதாவது பெருக்கி வந்ததில் உண்மையான வாட் எத்தனை பங்கு என்பதையும், சேர்த்துக்கொள்ள வேண்டும். இங்கே அது 0.78. காலையில் 230 வோல்டில் இதே மோட்டார் 9 ஆம்பியர்தான் எடுத்தது. ஹீட்டருக்கு நேர்மாறு: வோல்டேஜ் குறைந்தால் மோட்டார் ஆம்பியரைக் கூட்டிக்கொள்கிறது, அதனால் லைனில் இன்னும் வோல்டேஜ் விழுகிறது. ஊரே போர் ஓட்டும்போது 190க்கு இறங்குவதில் இதற்கும் பங்கு உண்டு.

மோட்டார் கொட்டாயில் அளந்தால் 197 வோல்ட். வழியில் 8 வோல்ட் காணோம். வயர் 2.5 ஸ்கொயர் (சதுர மி.மீ.) செம்பு, தூரம் 60 மீட்டர், போக வர 120. மின்தடை 0.83 ஓம், 10 ஆம்பியருக்கு 8.3 வோல்ட். ஆம்பியரை ஆம்பியரால் பெருக்கி மின்தடையாலும் பெருக்கினால் 83 வாட். மோட்டார் ஓடுகிற நேரமெல்லாம் அது வயரிலேயே சூடாகப் போகிறது. 4 ஸ்கொயர் போட்டால் 52 வாட்டாகக் குறையும். பக்கத்து வீட்டு மாமா கேட்டுவிட்டு, “தம்பி, என் கொல்லை இன்னும் நீளமாச்சே, அங்கயும் வந்து பாரு” என்றார்.

மோட்டார் கிளம்பும் நொடியில் இழுக்கும் ஆம்பியர் ஓடும்போது இழுப்பதைவிடப் பல மடங்கு. வோல்டேஜ் அப்போதுதான் ரொம்ப விழும். என் மீட்டர் அவ்வளவு வேகமாகப் பிடிக்காது. அந்த முதல் நொடி ஆம்பியரைப் பிடிக்கும் இன்ரஷ் வசதி உள்ள கிளாம்ப் மீட்டர் ஒன்றைக் கும்பகோணத்து எலக்ட்ரீஷியன் ஒருவர் இரவல் தருவதாகச் சொல்லியிருக்கிறார். வந்ததும் மாமா கொல்லையில்தான் முதல் அளவு.