லாக்ஹார்ட்டில் கறி வாங்கும் முறை

அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் உள்ள ஆஸ்டினுக்குக் குடிவந்த சில மாதங்களிலேயே யாராவது ஒருவர் உங்களைக் காரில் ஏற்றி லாக்ஹார்ட்டுக்குக் கூட்டிப் போய்விடுவார். 183ஆம் நெடுஞ்சாலையில் தெற்கே சுமார் 50 கிலோமீட்டர். பார்பெக்யூவுக்கு, அதாவது விறகுப் புகையில் வேகவைத்த கறிக்கு, டெக்சஸின் தலைநகரம் என்று மாநிலச் சட்டமன்றமே தீர்மானம் போட்ட சிற்றூர். அங்குள்ள பார்பெக்யூ கடைக்குள் நுழைந்ததும் திகைப்பாக இருக்கும். உட்காரவைத்து மெனு அட்டை நீட்ட ஆள் இல்லை, பீங்கான் தட்டு இல்லை. ஓட்டல் என்று நினைத்துப் போவதால் வரும் திகைப்பு அது. கறிக்கடை என்று நினைத்துப் போங்கள், எல்லாம் விளங்கிவிடும்.

ஏனென்றால் இவை கறிக்கடைகளாகத்தான் பிறந்தன. க்ரைட்ஸ் மார்க்கெட் 1900இல் கறியும் மளிகையும் விற்கத் தொடங்கிய கடை. இந்தப் பகுதியில் குடியேறிய ஜெர்மானியர்களும் செக் இனத்தவரும், விற்காமல் மிஞ்சிய கறியைப் புகையில் வேகவைத்தும் சாசேஜாக அடைத்தும், கறி மடிக்கும் காகிதத்திலேயே சுற்றிக் கொடுத்தார்கள். பருத்தி எடுக்க வந்த கூலியாட்கள் அதை அங்கேயே பிரித்துத் தின்றார்கள். காகிதமும் எடைத்தராசும் இன்றுவரை மாறவில்லை. பின்னாளில் க்ரைட்ஸை நடத்திய உரிமையாளரின் வியாபாரம் அவர் மகனிடமும் கட்டடம் மகளிடமும் போய்ச் சேர்ந்து, நம்மூர்ப் பாகப்பிரிவினை போலவே முடிந்தது. 1999இல் பழைய அடுப்பின் தணலைத் தொட்டியில் போட்டுத் தெரு வழியே இழுத்துப் போய்ப் புதுக்கட்டடத்தில் அடுப்பு மூட்டினார்கள். பழைய கட்டடம் ஸ்மிட்டீஸ் என்ற இன்னொரு கடை ஆனது. அங்கே வரிசை நகரும் இடத்தை ஒட்டி, தரைமட்டத்திலேயே விறகு எரியும். குழந்தைகளைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள்.

வரிசையில் உங்கள் முறை வந்ததும் கறியின் பெயரையும் எடையையும் சொல்ல வேண்டும். ஒரு பவுண்டு என்பது 454 கிராம். ஆளுக்கு அரை பவுண்டு போதும். நால்வருக்கு இரண்டு பவுண்டைப் பல வகையாகப் பிரித்து வாங்கலாம். மாட்டு விலா எலும்பு ஒன்றே ஒரு பவுண்டைத் தாண்டும், எலும்புக்கும் சேர்த்துத்தான் காசு. விலை கேட்காமல் தலையாட்டினால் பில்லைப் பார்த்ததும் தலை சுற்றும். அதன்மேல் 8.25 சதவீத வரி வேறு. பீன்ஸ், உருளைக்கிழங்கு சாலட், குளிர்பானம் ஆகியவற்றுக்குச் சில கடைகளில் தனிக் கவுண்டர். கார்டு எடுக்காத இடமும் இருக்கலாம், ரொக்கம் கொஞ்சம் வைத்திருங்கள்.

பிரிஸ்கட் கேட்டால் 'லீனா, மாய்ஸ்டா?' என்பார்கள். பிரிஸ்கட் மாட்டின் நெஞ்சுக்கறி. அதில் தட்டையான, கொழுப்புக் குறைந்த பகுதி லீன், மேலே திரண்டிருக்கும் கொழுப்புப் பகுதி மாய்ஸ்ட். முதல்முறை போகிறவர்கள் உடம்புக்கு நல்லது என்று லீன் கேட்டு, நார் மாதிரி இருக்கிறது என்று குறைபடுவார்கள். மாய்ஸ்ட் கேளுங்கள், அல்லது பாதிப் பாதி. பென்சில் கனத்தில், நாருக்குக் குறுக்கே வெட்டிய துண்டைத் தூக்கிப் பிடித்தால் அறுந்து விழாமல் வளைந்து தொங்க வேண்டும். லேசாக இழுத்தால் பிரிய வேண்டும். தூக்கும்போதே உதிர்ந்தால் அதிகம் வெந்துவிட்டது, இழுத்தும் ரப்பராக நீண்டால் வேகவில்லை.

ஓரத்தில் தெரியும் இளஞ்சிவப்பு வளையத்தைப் பார்த்துப் பச்சைக்கறி என்று திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். விறகுப் புகையிலுள்ள நைட்ரிக் ஆக்சைடு கறியின் நிறமியோடு சேர்வதால் வரும் நிறம் அது. உள்ளே 95 டிகிரி செல்சியஸ் வரை வெந்த கறிதான்.

மதியம் இரண்டு மணிக்குப் போனால் பிரிஸ்கட் தீர்ந்துவிட்டது என்ற பதில் வரலாம். அவர்களால் உடனே இன்னொன்று போட முடியாது. போஸ்ட் ஓக் என்ற மரத்தின் விறகு தரும் மிதமான சூட்டில் ஒரு முழுத்துண்டு வேக 12 மணி நேரம்கூடப் பிடிக்கும். 70 டிகிரி வாக்கில் கறியின் சூடு ஏறாமல் மணிக்கணக்கில் நின்றுவிடும். கறியிலிருந்து கசியும் நீர் ஆவியாகி அதைக் குளிரவைக்கிறது, மண்பானைத் தண்ணீர் குளிர்வது போல. ஆகவே பதினொன்றரைக்குள் வரிசையில் நில்லுங்கள்.

மாட்டுக்கறி சாப்பிடாதவர்களுக்கு டர்க்கியும் (வான்கோழி) பன்றி விலாவும் உண்டு. ஆனால் பெரும்பாலும் ஒரே அடுப்பு, ஒரே வெட்டுப்பலகை, ஒரே கத்தி. சாசேஜில் மாடும் பன்றியும் கலந்திருக்கலாம், மாட்டுக்கறி மட்டும் என்றாலும் மேலுறை பன்றிக்குடலாக இருக்கக்கூடும். ஹலால் பார்ப்பவர்கள் இங்கே ஒதுங்குவதே நல்லது. சைவர்களுக்கான பொறி பீன்ஸ்தான்: பருப்பு மாதிரி தெரியும், உள்ளே பேக்கன் என்ற பன்றிக்கறி கிடக்கும். மக்ரோனி சீஸ், வெள்ளை ரொட்டி, வெங்காயம், ஊறுகாய் வெள்ளரி ஆகியவைதான் மிச்சம். முட்டையும் ஆகாதென்றால் மயோனைஸ் சேர்ந்த சாலட்களையும் விடுங்கள். வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டுத் துணைக்குப் போவது உத்தமம்.

காரம் எதிர்பார்க்காதீர்கள். பிரிஸ்கட்டுக்கு உப்பும் மிளகும்தான் பிரதானம். க்ரைட்ஸில் நெடுங்காலம் சாஸும் கிடையாது, முள்கரண்டியும் கிடையாது. நமக்கு அது பெரிய குறையில்லை, கை இருக்கிறது.

வீட்டுக்கு வாங்கினால் வெட்டாமல் முழுத்துண்டாகக் கேளுங்கள். வெட்டியது ஊர் வருவதற்குள் காய்ந்துவிடும். கோடையில் 32 டிகிரிக்கு மேல் அடிக்கும் வெயிலில், சூடு காக்கும் பெட்டி இல்லாமல் ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்கக் கூடாது. மறுநாள் அலுமினியத் தாளில் இறுக்கிச் சுற்றி, ஒரு கரண்டித் தண்ணீர் தெளித்து, 120 டிகிரி செல்சியஸ் ஓவனில் சூடேற்றுங்கள். மைக்ரோவேவில் வைத்தால் தோலாகிவிடும். மிஞ்சிய ஓரங்களைப் பொடியாக நறுக்கிக் கொத்துப் பரோட்டாவில் போடலாம். உப்பை மட்டும் கடைசியில், ருசி பார்த்துப் போடுங்கள். கறியின் மேல் கறுத்திருக்கும் அந்தத் தோலிலேயே வேண்டிய உப்பு இருக்கும்.