அப்பா ஜெயிலில் இருக்கும்போது பிள்ளையின் பள்ளிக்கூடம்

வீட்டில் ஒருவர் கைதானதும் பிள்ளையின் படிப்பு முதலில் தடுமாறுவது பெரும்பாலும் ஒரு செல்போனால். போலீஸ் எடுத்துப்போன போன் வழக்குச் சொத்தாகி நீதிமன்றத்துக்குப் போய்விடும். ஆதாருக்கும் வங்கிக்கும் ஓடிபி வருவது அந்த எண்ணுக்குத்தான். உதவித்தொகை சிக்கிக்கொள்ளும், வருமானச் சான்று பாதியில் கிடக்கும், பள்ளி வாட்ஸ்அப் தகவலும் வீட்டுக்குத் தெரியாது. முதல் வாரமே பிள்ளையின் ஆதாரிலும் வங்கியிலும் பள்ளியின் எமிஸ் (அரசின் இணையவழி மாணவர் விவரத் தொகுப்பு) பதிவிலும் அம்மாவின் எண்ணை ஏற்றிவிடுங்கள்.

அக்கம்பக்கத்துப் பேச்சுக்குப் பயந்து இரவோடு இரவாகப் பாட்டி ஊருக்குப் போகிறவர்கள் டி.சி. வாங்குவதில்லை. அங்கே சேர்க்கப் போனால் "டி.சி. கொண்டு வாங்க" என்பார்கள். அந்த இடைவெளியில்தான் பெரிய பையன் சித்தாள் வேலைக்குப் போய்விடுகிறான். கல்வி உரிமைச் சட்டம், 2009-இன் 5ஆவது பிரிவுப்படி, டி.சி. தாமதத்தைக் காட்டி எட்டாம் வகுப்புவரை அரசுப் பள்ளி சேர்க்கையை மறுக்க முடியாது. பழைய பள்ளி எமிஸில் பிள்ளையை 'காமன் பூலுக்கு' (பள்ளி மாறும் மாணவர்களுக்கான பொதுப் பட்டியல்) விட்டால் புதிய பள்ளி எடுத்துக்கொள்ளும். எமிஸ் எண்ணைக் குறித்து வையுங்கள். பத்தாம் வகுப்பு என்றால் பொதுத்தேர்வுப் பெயர்ப்பட்டியல் போன பிறகு இடம் மாற்றாதீர்கள். உறவினர் வீட்டில் தங்கியாவது அங்கேயே எழுதட்டும்.

மனு பார்ப்பது, அதாவது சிறைக்குப் போய் அப்பாவைச் சந்திப்பது, பள்ளி நாட்களில்தான். அதனால் வாராவாரம் ஒரே கிழமையில் லீவு விழும், அதே பாடவேளைகள் போகும். கணக்குப் பாடம் அப்படித்தான் விட்டுப்போகிறது. கிழமையை மாற்றி மாற்றிப் போங்கள். இ-முலாக்காத் வீடியோ சந்திப்பையும் கேட்டுப் பாருங்கள். லீவுக்கான காரணம் தலைமையாசிரியருக்குத் தெரிந்தால் போதும், வகுப்புக்குத் தெரிய வேண்டியதில்லை.

அப்பாவின் கையெழுத்து தேவையா? வக்கீல் வக்காலத்துக்கு வாங்குவதுபோலவே, சிறைக் கண்காணிப்பாளர் சான்றொப்பத்தோடு வாங்கலாம். தண்டனைக் கைதி என்றால், தமிழ்நாட்டின் 1982ஆம் ஆண்டு தண்டனை நிறுத்திவைப்பு விதிகளில் பிள்ளையைப் பள்ளியிலோ கல்லூரியிலோ சேர்ப்பதும் சாதாரண விடுப்புக்கு (சிறையிலிருந்து சில நாள் வெளியே வர) ஒரு காரணம். விசாரணைக் கைதிக்கு இது பொருந்தாது.

அம்மா இறந்து அப்பா சிறையில் இருந்தால், தமிழ்நாடு அரசின் 'அன்புக் கரங்கள்' திட்டத்தில் 18 வயதுவரை மாதம் 2,000 ரூபாய் கேட்கலாம். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விசாரியுங்கள், அல்லது குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழையுங்கள்.

"அப்பா வெளிநாட்டில் இருக்கார்" என்று மட்டும் பிள்ளையிடம் சொல்லாதீர்கள். வகுப்புத் தோழனின் போனில் செய்தியைப் பார்த்துத் தெரிந்துகொண்டால், மறுநாள் பிள்ளை பள்ளிக்குப் போகாது. வீட்டில் உண்மையைச் சொல்லுங்கள். வெளியில் யாராவது கேட்டால் "அது எங்க வீட்டு விஷயம்" என்று சொல்லப் பழக்குங்கள்.